லக்சபான கரண்டு போன வழி

வட்டவளையில் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று மலையேறியதும், கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கோடு செப்டெம்பர் வரை ஈரத்திலேயே நிற்பார்கள். மழை கூடிய வருடங்களில் மண் சரிந்து ரயில் பாதை மறிபடும். கினிகத்தேனை வீதியும் மறிபடும். இந்த மழையால் ஊருக்குக் கிடைப்பது தேயிலையும் சளியும். நாட்டுக்குக் கிடைத்தது மின்சாரம்.

மழைக்கு இங்கே இரண்டு வழி. வட்டவளைப் பள்ளத்தாக்கில் விழுவது மகாவலியில் சேர்ந்து, நாவலப்பிட்டிக்கு இறங்கி, கண்டியைச் சுற்றிக்கொண்டு, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. தெற்கு முகட்டுக்கு அப்பால் விழுவது கெஹெல்கமு ஓயாவில் சேர்கிறது. அது மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி கங்கையாகி கொழும்புக்குப் போகிறது. முதல் வழி முடிகிற இடத்தில் ஒரு பேரரசின் கடற்படை தனக்கான எண்ணெயைச் சேர்த்து வைத்தது. இரண்டாவது வழியில் லக்சபான மின்சாரம் பிறந்தது. ஒரு நாடும் அதன் படைகளும் எதை நம்பி விளக்கேற்றின என்பது இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

காத்திருந்த தண்ணீர்

டி. ஜே. விமலசுரேந்திர காலியில் 1874இல் பிறந்த பொறியியலாளர். அரசாங்க வேலையாக இந்த மலைகளில் அலைந்தவர், கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் குறுகிய தூரத்துக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகின்றன என்பதைக் கண்டார். 1912இல் நுவரெலியா நகருக்காக, நானுஓயாவுக்குப் போகும் வழியில் பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தை அமைத்துக் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையை வாசித்தார். வெளியிலிருந்து வாங்கும் எரிபொருளை விட்டுவிட்டு மலைத் தண்ணீரால் நாட்டை இயக்கலாம் என்று அதில் கணக்கோடு வாதிட்டார்.

1924இல் லக்சபானவில் வேலை தொடங்கியது; சில வருடங்களில் நின்றும் போனது. பணம் போதவில்லை என்றார்கள். 1929இல் கொழும்புக்காகக் கொலன்னாவையில் ஸ்டான்லி அனல் மின் நிலையம் எழுந்தது. அதற்கான எரிபொருள் கப்பலில் வந்தது. விமலசுரேந்திர ஓய்வு பெற்றபின் 1931இல் அரசுப் பேரவைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதையே பேசினார். தண்ணீர் அதன் போக்கில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதே இருபதுகளில் இன்னொரு வேலை மட்டும் தடைப்படவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியிருந்தன. இந்து சமுத்திரத்தின் நடுவில் எண்ணெய் நிரப்ப ஓர் இடம் வேண்டும். திருகோணமலையின் சீனக்குடாக் காட்டுக்குள், கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, பிரமாண்டமான இரும்புத் தாங்கிகள் வரிசையாக எழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் பன்னிரண்டாயிரம் கிலோலீற்றர் கொள்ளும். அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. குடிமக்களின் மின்சாரத்துக்குப் பணம் இல்லாத அதே காலத்தில் படையின் எண்ணெய்க்குப் பணம் இருந்தது.

அந்தச் சேமிப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்பது 1942 ஏப்ரல் 9இல் தெரிந்தது. நான்கு நாட்களுக்கு முன்பு கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள் அன்று திருகோணமலைக்கு வந்தன. ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் விழுந்து வெடித்தது. தீ நாட்கணக்கில் எரிந்தது. உருகிச் சுருண்ட இரும்பை இப்போதும் அங்கே பார்க்கலாம். துறைமுகத்தை விட்டு அவசரமாக வெளியேறியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ஒரே இடத்தில் குவித்த எரிபொருள் படைக்குப் பலமாவதைப் போலவே எதிரிக்கு இலக்காகவும் ஆகும். பிற்பாடு இந்தத் தீவில் இதே பாடம் வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது.

மலையிலிருந்து இறங்கிய கம்பி

லக்சபான 1950இல்தான் ஓடத் தொடங்கியது. நோட்டனில் மறித்த தண்ணீர் குழாய் வழியே நானூறு மீட்டருக்கு மேல் இறங்கி, பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதியது. முதலில் மூன்று இயந்திரங்கள், 25 மெகாவாட். 1958இல் இன்னும் இரண்டு சேர்ந்து 50 ஆனது. அங்கிருந்து 66 கிலோவோல்ட் கம்பி மலைகளைத் தாண்டிக் கொலன்னாவைக்கு இறங்கியது. விமலசுரேந்திர தன் கண்ணால் அதைப் பார்த்துவிட்டு 1953இல் காலமானார்.

பிறகு ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கும் ஏற்பாடு வளர்ந்தது. காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பி, 1965இல் அவர் பெயரிலேயே விமலசுரேந்திர மின்நிலையம் இயங்கியது. அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் நோட்டன் குளத்துக்கு வந்து, பழைய லக்சபானவைச் சுழற்றி, இன்னும் கீழே பொல்பிட்டியவையும் சுழற்றியது. பொல்பிட்டிய 1969இல் வந்தது. மவுசாக்கலையில் மறித்த மஸ்கெலி ஓயா, 1974இல் புதிய லக்சபானவையும் 1983இல் கெனியனையும் இயக்கத் தொடங்கியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையின் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு ஓயாக்களிலிருந்தே வந்தது.

இதற்கு மலையகம் கொடுத்த விலை மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் அங்கேதான் இருந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் வெளியே தெரியும்; சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். காசல்ரீ நிரம்பிய காலத்தில் இன்னொரு கணக்கும் எழுதப்பட்டது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இந்த மலைகளில் உழைத்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னது. தண்ணீரை இங்கேயே தேக்கி வைக்க வழி கண்ட அரசு, ஆட்களை வெளியே அனுப்ப வழி தேடியது.

உயர் அழுத்தக் கம்பி தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்கு மேலே போனது. லயத்துக் காம்பராக்களில் பல வருடங்கள் குப்பி விளக்கே எரிந்தது. துரையின் பங்களாவிலும், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலும் பல்பு எரியும். துரைக்கும் இயந்திரத்துக்கும் கரண்டு தேவை என்பது தோட்ட நிர்வாகத்துக்குச் சந்தேகமில்லாத விஷயம். தொழிலாளி வீட்டுக்குக் கரண்டு என்பது தொழிற்சங்கங்கள் கேட்டு, அரசியல்வாதிகள் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி கொடுத்து, காம்பரா காம்பராவாக வந்து சேர்ந்தது.

வடக்கே போனதும் அறுந்ததும்

மின்சார சபையின் 132 கிலோவோல்ட் கம்பி அநுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை நீண்டது. அதுவரை சுன்னாகத்து டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த யாழ்ப்பாணத்தில், புதிதாக வந்ததை லக்சபான கறண்ட் என்றே சனம் சொன்னது. மலையில் மழை பெய்தால் தோட்டவெளியில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடியது.

கம்பி போன வழியிலேயே மலையகத்து ஆட்களும் போனார்கள். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகும் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகும் தோட்டங்களைவிட்டு ஓடியவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். எங்கள் மழையில் பிறந்த மின்சாரம் அவர்களின் தலைக்கு மேலே அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. குடிசைக்குள் அது இறங்கவில்லை.

1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின் வலையிலிருந்து அறுபட்டது. காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. அணைகளின் வாசலில் படையினர் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். அறுந்தது நடுவில் இருந்த வழி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டுக்குள் நிற்கும் கோபுரங்களுக்கு யார் காவல் போட முடியும்?

அதற்குப் பிறகு குடாநாட்டில் எரிசக்தி என்பது முழுக்கப் போரின் கணக்கானது. அரசாங்கம் வடக்குக்குத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் டீசலும் இருந்தன. டோர்ச் லைட்டுக்குப் போடும் பட்டரியும் இருந்தது. எதிரிப் படைக்குப் பயன்படக்கூடியது எதுவும் போகக்கூடாது என்பது நியாயமாகச் சொல்லப்பட்டது. சனம் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து விளக்கு எரித்தது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. சத்திரசிகிச்சை நடக்கும்போது ஜெனரேட்டருக்கு டீசல் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்த வைத்தியர்களிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள்.

இராணுவ முகாம்களில் ஜெனரேட்டர்கள் ஓடின. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த இராணுவத்துக்கு அங்கே பல்லாயிரம் சிப்பாய்கள். அவர்களின் டீசல், உணவு, குண்டு எல்லாம் திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கடலில் போயாக வேண்டும். 2006 ஆகஸ்டில் குடாநாட்டுக்குப் போகும் ஏ9 வீதி மூடப்பட்டபோது பொதுமக்களின் அரிசியும் சீனியும்கூட அதே கடல் வழிக்கு வந்தன. மகாவலி முடிகிற அதே குடாவின் பக்கத்துத் துறைமுகம் மறுபடியும் ஒரு படையின் எரிபொருள் வாசலானது.

வழி அறுந்தால் எவ்வளவு பெரிய முகாமும் நிற்காது என்பதற்கு ஆனையிறவு சாட்சி. வெல்லவே முடியாது என்று பேசப்பட்ட இராணுவத் தளம் அது. 2000 ஏப்ரல் 22இல் அது விழுந்ததற்கு முக்கியமான ஒரு காரணம், அதன் குடிதண்ணீர் வந்த இயக்கச்சிக் கிணறுகள் புலிகளிடம் கைமாறியது. அங்கே தீர்ந்தது தண்ணீர். இன்னொரு முகாமில் அது டீசலாக இருந்திருக்கலாம். ஒரே ஒரு வழியை நம்புகிற எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான்.

கொலன்னாவை எரிந்த இரவு

தெற்கில் கதை தலைகீழாக நடந்தது. அங்கே கம்பி அறுபடவில்லை. சேர்த்து வைத்த எரிபொருள் எரிந்தது. லக்சபானவின் முதல் கம்பி வந்து சேர்ந்த அதே கொலன்னாவையில்தான் நாட்டின் பிரதான எண்ணெய்க் கிடங்கும் இருந்தது. 1995 அக்டோபர் 20இல் விடுதலைப் புலிகள் கொலன்னாவை, ஒருகொடவத்தை கிடங்குகளுக்குள் புகுந்து தாக்கினார்கள். கொழும்பின் வானம் கரும்புகையால் மூடியது. யாழ்ப்பாணத்தை நோக்கி இராணுவம் நகர்ந்துகொண்டிருந்த வாரம் அது.

2007 ஏப்ரலில், இலங்கையும் அவுஸ்திரேலியாவும் ஆடிய உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, புலிகளின் சிறிய விமானங்கள் கொழும்பை அண்டிய எரிபொருள் நிலையங்களைத் தேடி வந்தன. விமானிக்கு வழி தெரியாதிருக்க நகரத்தின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. வீதியெல்லாம் இருண்டது, வானத்தை நோக்கிச் சுட்ட குண்டுகள் மட்டும் தெரிந்தன. 2008 அக்டோபர் 28இல் கொழும்பின் களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் மீதே அவற்றின் குண்டு விழுந்தது. வடக்கில் சனத்தை இருட்டில் வைப்பது போர் முறையாக இருந்தது. தெற்கில் தலைநகரையே இருட்டாக்கிக்கொள்வது தற்காப்பு முறையானது.

மாற்று வழியின் விலை

குடாநாட்டுக்கு லக்சபானவின் இடத்தில் வந்தது டீசலும் உலை எண்ணெயும். சுன்னாகத்தில் அரசின் இயந்திரங்களோடு தனியார் நிலையங்களும் இயங்கின. எரிபொருள் கடலில் வந்தது, தரையில் கசிந்தது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதைச் சனம் கண்டது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீர்தான் குடிக்கவும் விவசாயத்துக்கும். 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம், சுன்னாகத்தில் இயங்கிய நொதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மலையில் பெய்த மழை வர முடியாமல் போனதன் விலையில் ஒரு பகுதியை, குடாநாட்டில் பெய்த மழை கொடுத்தது.

2013இல் கிளிநொச்சியிலிருந்து புதிய கோபுரங்கள் சுன்னாகத்தைத் தொட்டன. இருபது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு குடாநாடு மறுபடி தேசிய வலையில் சேர்ந்தது. அதற்குள் அந்த வலையே மாறியிருந்தது. நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்தது. லக்சபான பல ஊற்றுகளில் ஒன்றாகிவிட்டது.

ஸ்டோரைச் சுற்றிய ஓடை

உலகத்துப் படைகள் இந்தப் பாடத்தைத் தங்கள் செலவில் படித்துக்கொண்டிருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் முகாம்களின் ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொண்டுபோன அமெரிக்க வாகனத் தொடர்களில், ஏறத்தாழ 24 தொடருக்கு ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது காயப்பட்டார் என்று அமெரிக்க இராணுவத்தின் ஆய்வு நிறுவனம் 2009இல் கணக்கிட்டது. அதன் பிறகு சூரியத் தகடு, பட்டரி, முகாமுக்குள்ளேயே இயங்கும் தனி மின்வலை என்று பேச்சு மாறியது. லடாக்கின் சுஷுலில், சூரிய ஒளியால் ஹைட்ரஜன் செய்து சேமித்து, குளிர்காலத்திலும் இந்திய இராணுவத்துக்கு மின்சாரம் தருவதற்கான என்.டி.பி.சி. நிறுவனத்தின் நிலையத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 முதல் உக்ரைனின் மின் நிலையங்கள் மீதும் உபநிலையங்கள் மீதும் விழுந்த ஏவுகணைகள், பெரிய வலை எவ்வளவு பெரிய இலக்கு என்பதை எல்லோருக்கும் காட்டின.

வெளித்தொடர்பு அறுந்தாலும் தனக்குத் தானே ஓடும் சிறிய மின்வலை மலையகத்துக்குப் புதிதில்லை. தேசியக் கம்பி வருவதற்கு முன்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் ஓடையை மறித்துச் சொந்தச் சக்கரத்தைச் சுழற்றின. அதில்தான் கொழுந்து அரைபட்டது. பங்களாவில் விளக்கு எரிந்தது. கொழும்பில் என்ன நடந்தாலும் ஸ்டோர் நிற்காது. லக்சபானவின் மலிவான கரண்டு வந்ததும் அந்தச் சக்கரங்கள் துருப்பிடித்தன. தொண்ணூறுகளிலிருந்து அதே ஓடைகளில் சிறிய நீர்மின் நிலையங்கள் திரும்பி வந்தன. இந்த முறை அவை மின்சார சபைக்கு விற்பதற்காக வந்தவை. பெரிய வலை நின்றால் அவற்றில் பெரும்பாலானவையும் தாமாக நின்றுவிடும்; பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைக்கப்படுகின்றன. ஓடை பக்கத்தில் பாய்ந்துகொண்டிருக்க, பக்கத்து லயம் இருளும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்தது. அன்று மின் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழல் இயந்திரங்கள் வலையில் குறைவாகவே ஓடின. சில கணங்களில் தீவு முழுவதும் இருண்டது. களனிதிஸ்ஸவில் விழுந்த குண்டாலும் செய்ய முடியாததை ஒரு குரங்கு செய்தது. விழுந்த நுரைச்சோலை மீண்டெழ நாட்களாயின. அதுவரை நாட்டில் முறைவைத்து மின்வெட்டு. முழு இருட்டிலிருந்து ஒரு வலையை எழுப்பத் தோதானவை நீர்மின் நிலையங்கள்தான். மதகைத் திறந்தால் சிறிய துணை மின்சாரத்தோடு அவை தாமாகவே சுழலத் தொடங்கும். விமலசுரேந்திர 1918இல் சொன்ன தண்ணீருக்கு இந்த வேலையில் இன்னும் மாற்று வரவில்லை.

அன்று முகாம்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் ஜெனரேட்டர் இருந்தது. தோட்டத்து மருந்தகத்துக்கும், மலைச் சரிவில் குடிநீர் ஏற்றும் பம்புக்கும், வெள்ள எச்சரிக்கை வர வேண்டிய கைபேசிக் கோபுரத்தின் பட்டரிக்கும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதை யாரும் படை ஒழுங்கோடு திட்டமிட்டதில்லை. தாங்கும் மின்சாரம் என்ற எண்ணத்தைப் படைகள் முகாமின் வேலிக்குள் வைத்திருக்கின்றன. இரண்டாவது வழி, பக்கத்திலேயே ஓர் ஊற்று, சில நாட்களுக்கான சேமிப்பு என்ற மூன்றும் ஒரு முகாமுக்கு அவசியம் என்றால், மண் சரிந்து வீதியும் பாதையும் மறிபடும் ஊருக்கும் அவசியம். வட்டவளையைச் சுற்றி ஓடைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஓடும் சிறிய நிலையங்களில் சிலவற்றையாவது, பெரிய வலை விழும்போது தனித்து நின்று பக்கத்து மருந்தகத்துக்கும் பம்புக்கும் ஊட்டும்படி மாற்றியமைக்கலாம். பழைய ஸ்டோர்களில் பெல்டன் சக்கரத்தோடு ஒருகாலத்தில் நடந்த வேலைதான் அது. அதற்கு வேண்டிய பணம், திருகோணமலையில் இன்றும் நிற்கும் அந்தத் தாங்கிகளைத் திருத்துவதற்காக 1987 முதல் 2022 வரை அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் செலவில் ஒரு மூலைக்கும் வராது.